கண்ணாடிப் பெட்டிக்குள் கேட்ட மூச்சு

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்த முதல் வாரத்தில், தக்கலையில் ஒரு மாடி ஸ்டுடியோவின் படிகளில் குடை சொட்டச் சொட்ட ஏறிப் போய்த்தான் ஜாஸ்பின் செல்வனிடம் முதன்முதலாகப் பேசினாள். அவள் போனது சண்டை பிடிக்க. அவளுடைய அப்பாவின் அடக்கத்தை அவன்தான் வீடியோ எடுத்திருந்தான். வளைகுடாவில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்பவேண்டிய அந்த வீடியோவில், சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் இடத்தில் ஒரு சோகப் பாட்டைச் சேர்த்து வைத்திருந்தான்.

“அந்தப் பாட்ட எடுத்திருங்க,” என்றாள்.

“பாட்டு இல்லேண்ணா அந்த எடம் சும்மால்லா கிடக்கும்?”

“சும்மா கிடக்கல்ல. மண்ணு விழுத சத்தம் கிடக்கு. அதக் கேட்டுத்தான் எனக்க அம்ம மண்ணுல இருந்துட்டா. நீங்களும் கேளுங்க.”

செல்வன் பாட்டை நீக்கிவிட்டுக் கேட்டான். ஒரு பிடி மண் விழுந்தது. பிறகு எதுவுமில்லை. மறுபடி ஒரு பிடி. அடுத்தது எப்போது விழுமோ என்று அவன் கழுத்து தானாகவே திரையை நோக்கி நீண்டது. கேட்டு முடித்ததும் அந்த இடத்தை மறுபடி ஓட்டினான். பிறகு, “அக்கா, எடிட்டிங் வேலைக்கு வாறியளா?” என்றான். சண்டை பிடிக்கப் போனவள் வேலையோடு வீடு திரும்பினாள்.

செல்வன் திருமணமாகாதவன். தாயும் தகப்பனும் இல்லை. உலகத்தில் அவனுக்கென்று இருந்தவன் சவூதியிலுள்ள தம்மாமில் வேலை பார்த்த அண்ணன் பெனிஷ் ஒருவனே. கல்யாண வீடும் துக்க வீடும் செல்வனுக்குச் சோறு போட்டன. மனமோ விண்வெளியில் கிடந்தது. விண்கலக் கதைப் படங்களை முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பான். அப்புறம் திரையின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்பான். “பயம் எதுல இருக்குண்ணு பிரிச்சுப் பாக்கேன் அக்கா,” என்பான். ஜாஸ்பின் சிரிப்பாள். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் முன்னால் ஆறிக் கிடக்க, மேசையில் விரலால் தாளம் தட்டி, ஒரு காட்சி எத்தனை தட்டு நிற்கவேண்டும் என்று கணக்குப் போடுகிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சில ஆண்டுகள் கழித்து அவன் தன் சொந்தப் படத்தைத் தொடங்கினான். மொத்தமும் ஒரே காட்சிதான். பூமியை விட்டு நெடுந்தூரம் போய்விட்ட கலத்தில், உறைநிலைத் தூக்கத்தில் ஒருவன் கிடக்கிறான். பெட்டி அவனை உரிய காலத்துக்கு முன்பே எழுப்பிவிடுகிறது. மூடி திறக்கவில்லை, காற்றோ குறைந்துகொண்டே போகிறது. வெளியே நிற்கிற பெண்ணால் பார்க்கத்தான் முடியும்.

“மூச்சு மொதல்ல கேக்கணும்,” என்றான் செல்வன். “ஆளப் பெறவு காட்டுவோம். யாருக்க மூச்சுண்ணு தெரியாத வரைக்கும், பாக்குதவன் அவனுக்க மூச்சுண்ணுதான் நெனப்பான்.”

பாட்டு கிடையாது; இயந்திரத்தின் முனகல் மட்டும் அடியில் ஓடவேண்டும். ஒருவரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். அது சட்டென்று நின்றதும் காதை யாரோ பொத்தியதுபோல் இருக்கும். துண்டுக் காட்சிகள் ஒன்றைவிட ஒன்று குறுகி விரைந்துகொண்டே வரவேண்டும். இப்போது மூடி திறந்துவிடும் என்று எல்லாரும் நம்புகிற இடத்தில், கண்ணாடியில் ஆவி படிந்து மறைவதை மட்டும் காட்டிக்கொண்டு, கேமரா அசையாமல் நின்றுவிடவேண்டும். இவையெல்லாம் இருவரும் வாதாடி முடிவு செய்தவை.

பெட்டிக்கு அவர்கள் வெகுதூரம் தேடவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை இறந்தவரின் உடலைக் கெடாமல் வைக்கிற கண்ணாடி மூடி ஐஸ் பெட்டி இந்த மாவட்டத்தில் எங்கும் வாடகைக்குக் கிடைக்கும். செல்வன் ஒன்றை வீட்டுக்கே வரவழைத்தான். வண்டி முற்றத்தில் வந்து நின்றதைத் தெரு முழுவதும் பார்த்தது. பிறகு கதவு சாத்தப்பட்டது. உள்ளே உடலைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று எண்ணிய அயலார், மரியாதை கருதிக் கதவைத் தட்டாமல் முற்றத்தில் காத்து நின்றார்கள்.

முகத்தில் வெள்ளைப் பொடி பூசிச் செல்வன் பெட்டிக்குள் படுத்தான். ஒலிப்பதிவு கெடக்கூடாதென்று எல்லாருடைய கைபேசிகளும் அணைக்கப்பட்டிருந்தன. சபைப் பாடகர் குழுவில் பாடுகிற ரெஜிஷா வெளியே நிற்கும் பெண்ணாக நடித்தாள். பாதிக் காட்சியில் ஜாஸ்பின் கையை உயர்த்தினாள்.

“சபைக் கோயில் மணி விழுது செல்வன். துக்க மணி. யாரோ போயிட்டாவ போல.”

“போறதுதான் போறாவ, அஞ்சு நிமிசம் பொறுத்துப் போயிருக்கப்பிடாதா?” என்றது பெட்டிக்குள்ளிருந்து குரல்.

சாயங்காலம் வரை நீண்ட படப்பிடிப்பு முடிந்து கதவைத் திறந்தபோது முற்றத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. வெள்ளை முகத்தோடு வாசலில் வந்து நின்ற செல்வனைக் கண்டு, மலர்வளையம் பிடித்திருந்த அம்மாள் மயங்கி விழுந்தாள். கைபேசியை உயிர்ப்பித்தால், சபை வாட்ஸ்அப் குழுவில் அவன் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். பெனிஷ் அழைத்து அழைத்து ஓய்ந்திருந்தான். அந்தப் படத்தையே மேலாளரிடம் காட்டி அழுது, அவசர விடுப்பு வாங்கி, விமானம் ஏறியிருந்தான்.

வந்து இறங்கியவன், சாயா குடித்துக்கொண்டிருந்த தம்பியின் முதுகில் ஓங்கி அறைந்தான். “ஏலே, ஒனக்க மொகத்தக் கடைசியாட்டுப் பாக்கலாம்ணுல்லா ஓடி வந்தேன்!” என்று கத்தியவன், அடுத்த நொடி அவனைக் கட்டிக்கொண்டு தேம்பினான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித் தெரு பல நாள் சிரித்தது. ஜாஸ்பினும்தான் சிரித்தாள்.

பெனிஷ் திரும்பிப் போனபின் எடிட்டிங் தொடங்கியது. செல்வனின் மார்பில் குத்தியிருந்த சிறு மைக் பதிவு செய்த மூச்சை, ஜாஸ்பின் காதில் மாட்டிக் கேட்டாள். ஒவ்வொரு மூச்சும் உள்ளே போய் முடிகிற இடத்தில், செருப்பின் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரிப்பதுபோல் ஒரு பரபரவென்ற ஒலி. மைக் சட்டையில் உரசியிருக்கும் என்று நினைத்து அதைத் துடைத்தெடுக்கப் பார்த்தாள். மூச்சும் சேர்ந்தே போயிற்று. மைக்கைத் தன் மார்பில் குத்தி மூச்சு விட்டாள். சுத்தமாக இருந்தது. செல்வனை அழைத்து மறுபடி மூச்சு விடச் சொன்னாள். அதே ஒலி.

“மக்கா, படி ஏறும்ப ஒனக்கு எளைக்குதா?”

“எளைக்கத்தான் செய்யும். வயசாவுதுல்லா?” என்று அவன் சிரித்தான். நாற்பதைத் தொடாதவன்.

மருத்துவர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, காரணம் சொல்ல முடியவில்லை, மருந்தால் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கலாம், திருப்ப முடியாது என்றார்கள். வெளியே வந்து பேருந்துக்குக் காத்து நின்றபோது, அந்த ஒலியைத் தான் கேளாமலே இருந்திருக்கலாகாதா என்று ஜாஸ்பின் நினைத்தாள். கேளாதிருந்தாலும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

“மூச்ச மாத்திரட்டா? நான் விட்டுத் தாறேன்,” என்று படத்தைப் பற்றிக் கேட்டாள்.

“மாத்தாண்டாம் அக்கா. இதவிட நல்ல மூச்சு எங்க கிட்டும்?”

சபை மண்டபத்தில் அந்தக் காட்சியைத் திரையிட்டார்கள். இயந்திரத்தின் முனகல் நின்றபோது விசிறிகளின் ஓசைகூடப் பெரிதாகக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் தம் தொண்டையைத் தடவிக்கொண்டார். செல்வன் திரையைப் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜாஸ்பின் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவன் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தான். சுவரிலிருந்து வந்த ஆக்சிஜன் குழாய் மூக்கில் செருகியிருந்தது. வாய்விட்டு அவன் கேட்டதெல்லாம் அண்ணனைத்தான். ஜாஸ்பின் கைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து பெனிஷை அழைத்தாள்.

“எப்பம் வாறீங்க? டாக்டர் எழுதித் தந்தத அனுப்பினேம்லா, மேனேஜருட்ட காட்டினியளா?”

“காட்டினேன் அக்கா. காலுல விழாத கொறதான். ‘போன வருசமும் இதே தம்பிதானே செத்தான்’ண்ணு கேக்கான். மத்தவனுவ எல்லாம் சிரிக்கானுவ. பாஸ்போர்ட்டும் அவன் கையில. நான் எப்பிடி அக்கா வருவேன்?”

அவள் நேரே சபைப் போதகரிடம் போனாள். போதகர் பேசிப் பார்த்தார், தூதரகத்துக்கு எழுதினார்கள். ஒருவழியாக மேலாளர் இணங்கிய செய்தி வந்த காலையில், மருத்துவர் ஜாஸ்பினைத் தனியே அழைத்துச் சென்று, சாயங்காலம் தாண்டுவது கடினம் என்றார். பெனிஷுக்குக் கிடைத்த விமானமோ மறுநாள்தான் புறப்படும்.

இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலருகே வந்தாள். படத்தில் என்றால், இந்த இடத்தை எவ்வளவு நீட்டலாம், எங்கே நறுக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். இங்கே அவள் கைக்குள் ஒன்றும் இல்லை.

“அண்ணன் பொறப்பட்டாச்சா?” என்று செல்வன் கேட்டான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

“லீவு கிட்டியாச்சு மக்கா. வாறான்.”

பொய்யில்லை. அவன் முகம் தெளிந்தது. வாசல் பக்கம் தலையைத் திருப்பப் பார்த்தான், குழாய் இழுத்தது. பக்கத்தில் நின்ற செவிலியிடம் கட்டிலைக் கண்ணால் காட்டிக் கெஞ்சினான். குழாய் எட்டாது, கட்டிலை அசைக்க முடியாது என்று அவள் மெல்லச் சொன்னாள். அவன் ஜாஸ்பினின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

“கட்டிலக் கொஞ்சம் வாசப் பக்கமாட்டுத் திருப்பிப் போடச் சொல்லு அக்கா. அண்ணன் வாறத நான் பாக்கணும்.”