மரத்தில் ஒட்டாத மிச்சம்

அவருக்குப் ‘போர்வை’ என்று பட்டப்பெயர் வைத்தது தச்சர்கள்தான். மரச்சாமான்களுக்கு லேக்கர் என்கிற பளபளப்புப் பூச்சு அடிப்பது அவர் தொழில். ஒரே ஒரு அலமாரிக்கு அடிக்கச் சொன்னால் போதும், கட்டில், தரை, சுவிட்சு என்று ஒன்று விடாமல் மூடி, ஓரமெல்லாம் டேப்பு ஒட்டிவிட்டுத்தான் ஸ்பிரே கன்னைத் தொடுவார். ஒருநாள் அலமாரியையும் சேர்த்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார் என்று கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். டேப்பை மட்டும் கீழே வைக்க மாட்டார்.

எல்லாம் பயம்தான். பிரஷ் பிடித்துச் சுவருக்குப் பெயின்ட் அடித்த காலத்தில் நிம்மதியாகத் தூங்கிய மனுஷன் அவர். பிரஷ் சொன்ன பேச்சைக் கேட்கும். ஸ்பிரே கன் கேட்காது. அடிப்பதில் ஒரு பங்கு மரத்தில் உட்காரும். மிச்சம் பனிமூட்டம் போல மிதந்து, போகிற இடமெல்லாம் சொரசொரவென்று படியும். படிந்ததைத் தேய்த்து எடுத்துவிடலாம். தின்னர் கலந்த அந்தக் காற்றில் ஒரு பொறி விழுந்தால் யார் என்ன செய்ய முடியும்? இவர் கெடுபிடி தாங்காமல் உதவிக்கு வந்தவர்களெல்லாம் ஓட்டம் பிடிக்க, கடைசியில் மனைவியே வந்து சேர்ந்தாள். வீட்டிலும் இவரோடுதானே மாரடிக்கிறேன், இங்கேயும் அடித்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

அன்று வேலை ஒரு மாடி வீட்டில். சுவரோடு சேர்த்துச் செய்த அலமாரி, பட்டறைக்குத் தூக்கிப் போக வழியில்லை. வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் ஜன்னலைத் திறந்துவைத்து, மனைவியைக் கூடத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, கதவு நிலையில் பிளாஸ்டிக் விரிப்பை உள்ளேயிருந்து ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். செல்போன் வெளியே, அதையும் அவர் நம்புவதில்லை. பால்கனியில், ஸ்பிரே கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது பூச்சின் நடுவில் யதேச்சையாகக் கதவுப் பக்கம் திரும்பினார். விரிப்பு கூடத்துப் பக்கமாகப் புடைத்திருந்தது. அடியில் டேப்பு பெயர்ந்து, மூட்டம் அந்த வழியாக நழுவிப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஏதோ காற்றை இழுக்கிறது. அப்படி இழுக்கக்கூடியது ஒன்றுதான், சமையலறைச் சிம்னி. அடுப்பு மூட்டப் போகிறவர்தான் அதைப் போடுவார்.

அவர் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தார். முகமூடியைக் கழற்றிவிட்டுக் கத்தினார். கம்ப்ரசர் இரைச்சலில் குரல் அவர் காதுக்கே கேட்கவில்லை. விரிப்பைக் கிழித்துக்கொண்டு ஓடலாம். ஓடினால் அறையிலுள்ள மூட்டம் மொத்தமும் அவருக்கு முன்னால் அவளிடம் போய்ச் சேரும். சமையலறையை ஒட்டிய சுவரை இரண்டு முஷ்டியாலும் இடித்தார். தோல் உரிந்தது தெரியவில்லை. அடுப்புக்கு முன்னால் அவள் நிற்பது மட்டும் கண்ணுக்குள் நின்றது. இடித்துக்கொண்டே இருந்தார்.

சிம்னி நின்றிருக்க வேண்டும், புடைத்திருந்த விரிப்பு தொய்ந்தது. கம்ப்ரசர் நின்றது. பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் அவள் உருவம் மங்கலாகத் தெரிந்தது.

“என்னங்க, எதுக்கு இப்படி இடிக்கிறீங்க?”

“அடுப்பு பத்த வெச்சியா?”

“இல்ல. கூடத்துல லேசா நெடி வந்துச்சு, சிம்னியப் போட்டேன். அப்படியே உங்களுக்கு டீ போடலாம்னு...”

“நெருப்புக்கிட்டயே போகாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“நீங்கதான் நல்லா ஒட்டியிருக்கீங்களே. நீங்க ஒட்டுனா எறும்புகூட நுழையாதுன்னு நெனச்சேன்.”

அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“குச்சி உரசினியா?”

“ரெண்டு உரசினேன். நமுத்துப் போயிருந்துச்சு, பத்தல. மூணாவது எடுக்கறப்பதான் சத்தம் கேட்டுச்சு.”

அவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது. தீப்பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல், கீழே போடவும் பயந்து, அசையாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.