ஒப்பிக்கத் தெரிந்தவள்

இந்த ஊரில் புத்தகம் படிப்பவர்களுக்கு வாயே கிடையாது. நூலகத்தில் நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே பனி விழும், உள்ளே பக்கம் புரளும், இரண்டிலும் சத்தம் வராது. எனக்கோ நடந்துகொண்டே வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். ஒருநாள் விடுதிக்குப் பின்னால் பனியில் மேலும் கீழும் நடந்தபடி பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நாயோடு வந்த ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “எனக்காகவும் வேண்டிக்கொள் அம்மா” என்றார். நான் சல்ப்யூரிக் ஆசிட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். “சரி சார்” என்றேன். வேறென்ன சொல்ல!

பாலக்கோட்டில் இது யாருக்கும் அதிசயமில்லை. பரீட்சைக் காலத்தில் விடிந்தால் போதும், தெருவெல்லாம் பிள்ளைகள் புத்தகத்தோடு நடந்துகொண்டே கத்துவார்கள். அதில் என் குரல்தான் பெரிது. வரி பிசகாமல் ஒப்பித்தால் அதற்குப் பேர் படிப்பு. அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே இறந்துபோய்விட்டாள். அப்பா தக்காளி மண்டியில் லாரிக்குக் கூடை ஏற்றுகிறவர், எழுத்து தெரியாது. நான் ஆங்கிலம் படித்தால் எத்தனை களைப்பிலும் வாசலில் நின்று கேட்பார். “எங்க ஸ்டெல்லா படிச்சா கொழாய தொறந்து வுட்ட மாதிரி கொட்டுதுங்க” என்று லாரி டிரைவர்களிடமெல்லாம் சொல்லிவைப்பார். எண்பதாம் வருஷம் பத்தாவது எழுதினேன், பள்ளிக்கூடத்திலேயே முதல். பி.எஸ்ஸி.யிலும் முதல். மாதா கோயிலில் ஆங்கிலப் பூசை என்றால் வாசகம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் வாசித்ததன் பொருள் என்னவென்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. மொரப்பூரில் ரயிலேற்றிவிடும்போது அப்பா, “பெரிய படிப்பு முடிச்சுட்டுத்தான் வரணும் ஆத்தா” என்றார்.

இங்கே, கடல் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தில், வந்த வாரமே எங்களுக்கு ஒரு வாசிப்புத் தேர்வு வைத்தார்கள். ஒரு பத்தி, அதன்மேல் கேள்விகள், சரியான விடையின் வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். வேதியியலில் முதல் வரிசையில் இருந்த எனக்கு வாசிப்பில் வந்தது இங்கத்து ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மதிப்பெண். வசந்தத்துக்குள் மறுபடி எழுதித் தேற வேண்டும், இல்லையென்றால் இடம் கிடையாது என்று கடிதம் கொடுத்தார்கள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைப் பார்த்து வாசிக்கத் தெரியாது என்கிறார்கள்!

மறுதேர்வுக்குச் சொல்லித்தரும் வாசிப்பு மையத்தில் கேரன் என்ற என் வயதுக்காரி ஒரு பத்தியைத் தந்தாள். ஒருவர் ரயில் நிலையத்தில் மகனுக்காகக் காத்திருக்கிறார். மூன்று வண்டிகள் வந்து போகின்றன. மகனுக்காகக் கொண்டுவந்த கோட்டைத் தானே போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். அவ்வளவுதான்.

“இது என்ன சொல்லுது, ஸ்டெல்லா?”

ஒப்பித்தேன், ஒரு சொல் பிசகாமல்.

“இல்லை, என்ன சொல்லுது?”

பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாக ஒப்பித்தேன். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

“மகன் வருவான்னு அவர் இன்னும் நம்புறாரா?”

“அது இதில் இல்லையே.”

“இருக்கு” என்றாள்.

புத்தகத்தில் இல்லாததை எழுதினால் எங்கள் ஊரில் மார்க் கிடையாது. இதை இவளுக்கு எப்படி விளக்குவது? அந்தக் கோட்டுக்காரர் என் கனவில் வரத் தொடங்கினார். மொரப்பூர் பிளாட்பாரத்தில் பனி கொட்டும், தண்டவாளம் மறைந்துபோகும், அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வார்.

மறுதேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது அப்பாவின் கடிதம் வந்தது. அவர் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மும்தாஜ் எழுதுவாள். வழக்கமாக இரண்டு முறை சத்தமாகப் படிப்பேன், மனப்பாடமாகிவிடும், மடித்து வைத்துவிடுவேன். அன்று தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இங்க சொகம். தக்காளி இந்த வருஷம் நல்ல வெளச்சல். நான் மண்டிக்கு அவ்வளவா போறதில்ல, வூட்லதான் இருக்கேன். நீ வர வேணாம் ஆத்தா. படிப்ப பாரு. நீ வர வேணாம்.”

வருகிறேன் என்று நான் எப்போது எழுதினேன்? நல்ல விளைச்சலில் கூடை ஏற்ற ஆள் போதாதே, இந்த மனிதர் ஏன் வீட்டில் இருக்கிறார்? மறுபடி முதல் வரியிலிருந்து பார்த்தேன். கடிதத்தில் எங்கேயும் வியாதி என்ற சொல் இல்லை. ஒவ்வொரு வரியிலும் அதுதான் இருந்தது. என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் படித்தது அதைத்தான். தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுதேர்வில் தேறிவிட்டேன். கேரன் கட்டிக்கொண்டு, “இனி உன்னை யாரும் ஊருக்குப் போகச் சொல்ல முடியாது” என்றாள். உண்மைதான். போகச் சொல்லிக் கடிதம் வந்திருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பாதியில் போனால் இந்த இடம் திரும்பக் கிடைக்காது என்பதும் தெரியும்.

ஏரோகிராம் கடிதத்தாளின் முன்பக்கம் பாலக்கோட்டு விலாசத்தையும் பின்பக்கம் இந்த ஊர் விலாசத்தையும் எழுதினேன். உள்ளே எழுத வெகுநேரம் ஆயிற்று. “தேறிவிட்டேன் அப்பா. எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். குளிர் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.” வருகிறேன் என்று எழுதவில்லை, உடம்புக்கு என்ன என்றும் கேட்கவில்லை. மும்தாஜ் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். எழுத்து தெரியாத மனிதர்தான். ஆனால் ஒரு தரம் காதில் விழுந்தால் போதும், நான் எழுதாமல் விட்டதையெல்லாம் படித்துவிடுவார்.