தெருமுனைக் குப்பை இன்று எரியவில்லை

காலடிப்பேட்டையில் எங்கள் தெருமுனைக்குக் குப்பை லாரி ஒழுங்காக வருவதில்லை. அதனால் தினமும் காலை ஆறு மணிக்கு அந்தக் குப்பையைக் கொளுத்துவது நான்தான். தெருவைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்று தீக்குச்சியை உரசப் போகும்போது, கோணிப்பையோடு ஒரு பெண் ஓடி வந்தார்.

“அண்ணா, கொளுத்தாத! நான் வர்றதுக்குள்ள டெய்லி சாம்பலாக்கிடுற.”

பெயர் செல்வி. குப்பை பொறுக்கிக் காயலான் கடையில் போடுகிறவர். இன்றுதான் வியாசர்பாடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தாராம். உள்ளங்கையில் பெரிய கொப்புளம்.

“கையில என்னம்மா?”

“நேத்து நீ கொளுத்திட்டுப் பூட்ட. உள்ள பாட்டிலு கீதேன்னு கைய வுட்டேன், சுட்டுக்கினேன்.”

தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“நீ எடுத்துக்கம்மா, நான் நிக்கிறேன்” என்றேன்.

அட்டை, பிளாஸ்டிக் கவர், பாட்டில், பிய்ந்த செருப்பு என்று அரைமணி நேரத்தில் இரண்டு மூட்டை கட்டிவிட்டார். பிறகு நான் பற்றவைக்கப் பார்த்தேன். மூன்று குச்சி தீர்ந்தும் பிடிக்கவில்லை. ஈரமான காய்கறித் தோலும் எச்சில் இலையும்தான் மிச்சம்.

செல்வி சிரித்தார். “எரியறத்த எல்லாம் நான் எட்த்துக்கினேன். இனிமே இன்னாத்த கொளுத்துவ?”

இத்தனை நாளும் அவருடைய பிழைப்பைத்தான் கொளுத்தியிருக்கிறேன். நாளையிலிருந்து கொளுத்துவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

மிச்சமிருக்கும் தோலையும் இலையையும் என்ன செய்வது? “உரமாக்கு” என்று இந்தப் பதிவுக்குப் பின்னூட்டம் போடப் போகிற நண்பர்கள், மண்வெட்டியோடு நேரில் வரவும்.