இங்கிலீஷில் என் முகம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதுளையில் பாதிப் பேர் மீன் வாங்கப் போவார்கள், மீதிப் பேர் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போவார்கள். நானும் எங்கள் வீட்டுக்காரரும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனோம். இந்த வயதில் இது தேவையா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் சட்டை தைத்துக் கொடுப்பவள் நான்தான். வாயை விட்டால் தையல் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

வகுப்பு உண்மையில் அவருக்குத்தான் தேவைப்பட்டது. அவர் த்ரீவீல் ஓட்டுகிறார். துன்ஹிந்த நீர்வீழ்ச்சி பார்க்க, தெமோதரப் பாலம் பார்க்க என்று வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். வண்டியில் ஏறியதும் அவர்கள் ஏதாவது கேட்பார்கள், இவர் எல்லாவற்றுக்கும் 'யெஸ், யெஸ்' என்பார். ஒரு நாள் ஒருவர் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார், அதற்கும் யெஸ் சொல்லிக்கொண்டே பசறை வளைவுகளில் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்த மனிதர் பாதையோரம் வாந்தி எடுத்த பிறகுதான் வகுப்பில் சேருவதென்று முடிவு செய்தார். தனியாகப் போகக் கூச்சம். "நீயும் வாயேன்" என்றார். நானும் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையின் மாடியில் வகுப்பு நடந்தது. டீச்சர் சின்னப் பெண். யூனிவர்சிட்டி முடித்த கையோடு வந்தவள், ஆனாலும் கண்டிப்பு அதிகம். மூன்றாவதோ நான்காவதோ வகுப்பில், ஒரு ஆள் பார்க்க எப்படி இருக்கிறார் என்று சொல்லப் பழக்கினாள். டோல், ஷோர்ட், தின், ஃபெட் என்று போர்டில் எழுதினாள். உயரம், பருமனுக்கு 'இஸ்' போட வேண்டும், முடி, கண்ணுக்கு 'ஹேஸ்' போட வேண்டும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்திச் சொன்னோம், கீழே கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

பிறகு, நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். முதலில் ஓர் அக்கா எழுந்தார். தன் அம்மாவைப் பற்றி இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அம்மா பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டம், மேல் டிவிஷன், வீட்டு வரிசையில் மூன்றாவது லயம், கடைசி வீடு, அவருடைய அப்பா கங்காணி. எங்களுக்கெல்லாம் அந்த அம்மாவை நேரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. பின்வரிசையில் ஒருவர், "அவுங்களா, தெரியுமே" என்றார்.

டீச்சருக்குத் திருப்தியில்லை. "அக்கா, இது அட்ரஸ். ஆளு எங்க?" என்றாள்.

அடுத்து எழுந்தவர் மரக்கறி வியாபாரி. தன் கூட்டாளியைப் பற்றிச் சொன்னார். கூட்டாளி ஹாலிஎலக்காரர், அவருடைய தங்கையை இவருடைய மச்சான் கட்டியிருக்கிறார், இப்போது பேச்சுவார்த்தை இல்லை. இப்படியே வகுப்பு முழுக்க ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்தோம். யாருடைய மகன், எந்த லயம், எந்தக் கோயில் திருவிழாவில் காவடி எடுப்பவர் என்று எல்லாம் சொன்னோம். ஒருவருக்காவது மூக்கு இருந்ததாகவோ கண் இருந்ததாகவோ நாங்கள் சொல்லவில்லை.

எங்களைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் யாரும் முகத்தைக் கேட்பதில்லை. "யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் ஊரில் ஒரு ஆளின் தோற்றத்தை இரண்டே பேர்தான் விசாரிப்பார்கள். ஒருவர் போலீஸ்காரர், இன்னொருவர் கல்யாணத் தரகர்.

போலீஸிடம் நான் போனதில்லை, தரகரிடம் பட்டிருக்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தேநீர் குடித்து, பலகாரம் எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டு, "மாநிறம்னு சொன்னீங்களே" என்று தரகரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அன்றைக்கு அழவில்லை, பலகாரத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு போட்டோ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அடுத்த வருஷம் இவர் வந்தார். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு "சரி" என்றார். அவ்வளவுதான். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மகள் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டாள், அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி எதுவும் வந்ததில்லை.

எனவே டீச்சர், "இப்ப பக்கத்துல இருக்கிறவங்கள பத்திச் சொல்லுங்க" என்றபோது நான் அவர் பக்கம் திரும்பினேன். நான் பொய் சொல்லப் போவதில்லை. கேட்க ஆசையாக இருந்தது. தமிழில் சொல்லாத மனிதர் இங்கிலீஷிலாவது சொல்லட்டும் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தேன்.

அவர் எழுந்து, பள்ளிக்கூடப் பையன் போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஷீ இஸ் மை வைஃப்" என்றார். பிறகு பசறைப் பக்கம் என்றார். டெய்லர் என்றார். ஒரு தம்பி உண்டு என்றார்.

"அண்ணே, பார்க்க எப்படி இருப்பாங்க? அதச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. கடைசியில், "ஷீ இஸ் ஓகே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வகுப்பே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் முறை வந்ததும் விடுவேனா? அவர் ஷோர்ட், அவர் ஃபெட், அவருக்குப் பெரிய வயிறு இருக்கிறது, முடி இல்லை என்று இஸ்ஸும் ஹேஸும் பிசகாமல் அடுக்கினேன். டீச்சர் கை தட்டினாள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

திரும்பி வரும்போது வண்டிக்குள்ளேயே பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?"

"அத்தன பேரு முன்னுக்குப் பொண்டாட்டிய வர்ணிக்கச் சொல்றியா? கண்ணு பட்டுரும்."

"கண்ணு படுறதுக்கு மொதல்ல அழகு இருக்கணுமே."

அவர் கியரை மாற்றினார். இந்த மனிதர் என்னைப் பார்த்திருக்கிறாரா, அல்லது இத்தனை வருஷமும் சோற்றுத் தட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறாரா என்று அன்று எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் எனக்குத் தூக்கமும் வராது, நிம்மதியும் வராது. சில நாள் தேநீரை வைத்துவிட்டு, "நான் எப்படி இருக்கேன், இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்று வம்புக்கு இழுப்பேன். அவர் குடித்துப் பார்த்துவிட்டு, "சீனி கொறவு" என்பார்.

வகுப்பு தொடர்ந்து நடந்தது. அவர் இப்போது போனில் பேசும் அளவுக்குத் தேறியிருந்தார். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஒரு வாரம் முழுக்க இவர் வண்டியில் சுற்றுவதாகப் பேச்சு. ரயிலில் பதுளைக்கு வருகிறார்கள், இவர் ஸ்டேஷனில் போய் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர்கள் வரும் நாளன்று விடிவதற்கு முன்பே வேறொரு ஹயருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு எல்ல ஊர்ப் பக்கம் போனவர், பத்து மணி போல எனக்குப் போன் செய்தார்.

"கிளட்ச் கேபிள் அறுந்து போச்சு. ஹாலிஎலயில நிக்கிறேன். ரயில் வர்ற நேரமாச்சு, நீ ஸ்டேஷனுக்குப் போய் அவங்கள உட்கார வச்சிரு. யாரும் இல்லன்னா வேற வண்டிக்காரன் ஏத்திட்டுப் போயிருவான்."

"அவங்களுக்கு என்னைய எப்படித் தெரியும்?"

"நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன். நீ போ."

போட்டோ அனுப்பலாம்தான். ஆனால் அவர் போனில் என் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. காரணம் நான்தான். இன்றைக்கு நான் என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியாது. எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதால் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அன்று எங்கோ கோயிலில் திருவிழா போலிருக்கிறது. பிளாட்ஃபோர்ம் நிறையப் பெண்கள். எல்லோரும் என் உயரம், என் நிறம், என்னைப் போலவே கொண்டை. ரயில் வந்து நின்றது. வெள்ளைக்காரர்களும் கும்பலாக இறங்கினார்கள், எல்லோர் முதுகிலும் பெரிய பை. நான் யாரைப் பார்த்துக் கையசைப்பது? சுவரோரம் நின்றுகொண்டேன். இவர் என்ன சொல்லியிருப்பார்? ஷோர்ட், டார்க், பசறைப் பக்கம், ஒரு தம்பி. அல்லது வெறும் ஓகே. அவர்கள் என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது நெட்டையான ஒரு வெள்ளைக்கார அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நாலைந்து பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பின்னால் வந்த கணவரிடம் திரும்பி ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம் வந்து, எங்கள் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி, அவருடைய மனைவிதானே என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அத்தனை நாள் படித்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, "மை ஹஸ்பண்ட், வட் ஹீ ஸே?" என்று கேட்டேன். பிழையாகத்தான் கேட்டேன். அவளுக்குப் புரிந்தது.

எனக்கு விளங்க வேண்டும் என்று அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், தன் முகத்திலேயே தொட்டுக் காட்டினாள். சின்ன உருவமாக இருப்பாள் என்றாராம். கோபமாக நிற்பது போல் இருக்கும், கோபம் இல்லை, பயம், அதனால் சிரித்துக்கொண்டு பக்கத்தில் போங்கள் என்றாராம். இடது பக்கம் வாயோரத்தில் சின்ன மச்சம் இருக்கும், அதைப் பாருங்கள் என்றாராம். அப்படியும் சந்தேகமாக இருந்தால் அவளைச் சிரிக்க வையுங்கள், சிரிக்கும்போது அந்த மச்சம் கன்னத்து மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அப்படி வேறு யாருக்கும் போகாது என்றாராம்.

"நான் சரிபார்க்க வேண்டும், சிரியுங்கள்" என்றாள் அந்த அம்மா. நான் சிரித்துவிட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, கணவரின் கையைத் தட்டி, "போய்விட்டது, போய்விட்டது" என்று குதித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் சிரிப்பில் சேர்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வண்டியோடு வந்து சேர்ந்தார். கையெல்லாம் கிரீஸ். "கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்றார். "ம்" என்றேன். பைகளைத் தூக்கிப் பின்னால் வைத்துக் கட்டிவிட்டு அவர்களோடு அவர் கிளம்பிப் போனார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். சிரித்துப் பார்த்தேன். மச்சம் நகரவில்லை. வாயை இன்னும் அகலமாக்கிப் பார்த்தேன், அப்போதும் அங்கேயேதான் இருந்தது. சும்மா சிரித்தால் அது போவதில்லை, நிஜமாகச் சிரித்தால்தான் போகும் போலிருக்கிறது. நிஜமாகச் சிரிக்கும்போது நான் எங்கே கண்ணாடி முன்னால் நின்றேன்? அந்த முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இருபது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.