தட்டைப் பிடுங்கிய மருமகள்

போன வருஷம் தை மாசக் கடைசி. சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் சின்ன வெங்காயத்தைப் பிடுங்கி, அழுகாமல் இருக்கக் காற்றாடப் பட்டறையில் போட்டு முடித்துவிட்டு, எல்லாரும் கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நேரம். அப்போது நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும், எழுதுவதும் அப்படித்தான். நேரமாகும். ஆகட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நானும் என் மருமகளும் செல்போனில் வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. மகன் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு லாரி ஓட்டுகிறான், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். காட்டு வேலை முடிந்து வந்ததும், தண்ணி டிரம் மேல் செங்கல்லை வைத்து அதில் செல்லைச் சாய்த்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவோம். பொய்ச் சண்டை. அவள் கொடுமைக்கார மருமகள், நான் அவளை மிஞ்சின மாமியார். கடைசியில் ஜெயிப்பது நான்தான். இன்னது பேசணும் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்வது இல்லை. அவள் ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன். கீழப்பழுவூரில் பிறந்தவள், வாய்க்குக் கேட்பானேன். வெட்டி ஒட்டுவதெல்லாம் அவள் வேலை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் முன்னே பின்னே தெரியாதவர்கள் வந்து, நீங்கதானே அந்த மாமியார் என்று கேட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நானும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பேன். என் ஆயுசில் வேறு எதற்கு என்னை யார் போட்டோ எடுத்தார்கள், ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும்தான்.

என்னிடம் ஒரு திறமை உண்டு. அழுகை. சுற்றுவட்டத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். செத்தவரை நான் பார்த்திருக்கவே வேண்டாம். உட்கார்ந்து ஒரு வரி எடுத்தால் கண்ணீர் தானாக இறங்கும், எழுந்தால் நின்றுவிடும்.

அந்த அழுகையை வைத்துத்தான் ஒரு வீடியோ எடுத்தோம். நான் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். மருமகள் வந்து, வேலை செய்யாத கிழவிக்குச் சோறு ஒரு கேடா என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு போவாள். பிசைந்த கையோடு நான் அழுவேன். இது முதல் பாதி. இரண்டாம் பாதியில் அவள் உள்ளே போய்த் தின்ன உட்கார்ந்தால், தட்டில் கறி ஒரு துண்டுகூட இருக்காது. எல்லாம் என் மடியில் இருக்கும் டப்பாவுக்குள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டிருப்பேன்.

முதல் பாதியைக் காலையில் போடுவோம், மிச்சத்தைச் சாயங்காலம் போடுவோம், சனங்கள் அடுத்து என்ன என்று காத்திருக்கும் என்றாள் மருமகள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. காலையில் போட்டாயிற்று. மத்தியானமே விக்கிரமங்கலத்தில் எனக்கு நாத்தனார் முறையில் ஒருத்தி தவறிவிட்ட சேதி வந்தது. இரண்டு பேரும் கிளம்பிப் போனோம். சாவு வீட்டில் உட்கார்ந்து சிரிப்பு வீடியோவா போட முடியும். மறுநாள் எல்லாம் முடிந்து வீடு வந்துதான் மிச்சத்தைப் போட்டாள்.

அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் முதல் பாதியை மட்டும் எடுத்து, சோகமாக ஒரு புல்லாங்குழலைச் சேர்த்து, வயசானவளுக்குச் சோறு போடாத இந்த மருமகளைச் சும்மா விடலாமா என்று எழுதிவிட்டிருந்தான். அது ஊர் ஊராகச் சுத்த ஆரம்பித்துவிட்டது. நாங்கள் போட்ட மிச்சத்தைப் பார்க்க ஆள் இல்லை.

மகன்தான் முதலில் கூப்பிட்டுச் சொன்னான். டீக்கடையில் வேறொரு லாரி டிரைவர், ஏண்டா, உங்கம்மாவுக்கு ஒரு வாய் சோறு கிடையாதாமே என்று கேட்டானாம். இவனும் சிரித்திருக்கிறான். வீடியோவுக்குக் கீழே சனங்கள் தன் பொண்டாட்டியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த பிறகு இவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை பேரை நம்ப வைத்திருக்கிறேன் பார் என்று மருமகளிடம் சொல்லியும் காட்டினேன். அவள் செல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனோம். திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள், கூட்டத்துக்குக் கேட்க வேண்டாம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வெளியூர்க்காரம்மா திரும்பித் திரும்பி மருமகளையே பார்த்தாள். அப்புறம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, பெரியவளைப் பட்டினி போட்டுவிட்டுச் சாமி கும்பிட வந்திருக்கியா என்று கேட்டுவிட்டாள். அது நடிப்புங்க, நான்தான் அழுதேன் என்றேன் நான்.

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள்: “பாவம், நெசத்தச் சொல்லவே வுடாம பழக்கி வச்சிருக்கா பாருங்க.”

பக்கத்தில் நின்றவர்கள் மருமகளை விட்டு லேசாக விலகினார்கள். அர்ச்சனைத் தட்டைப் பிடித்தபடி அவள் குனிந்த தலை நிமிரவில்லை. எதற்கும் பதில் வைத்திருக்கிறவள், அம்மனைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, போட்ட வீடியோ அத்தனையும் அழித்தாள். செல்லில் இருந்ததையும் விடவில்லை, மிச்சப் பாதியும் போயிற்று. அதற்கப்புறம் எனக்குச் சோறு போடும்போது அவள் படும் பாட்டைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க அத்தை, கொழம்பு பத்துமா அத்தை என்று கேட்டுக்கொண்டே நிற்பாள். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கேட்கிற பழக்கமே இல்லை. வேணும்கிறதை நான் போட்டுத் தின்பேன். கீழப்பழுவூரிலிருந்து அவள் அப்பா பேசினார். உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டு, மேலே பேச முடியாமல் போனை வைத்துவிட்டாராம்.

அடுத்த வாரம் ஒரு ஜீப் வந்து எங்கள் வாசலில் நின்றது. வயசானவர்களுக்கு நடக்கிற கொடுமையை விசாரிக்கிற ஆபீஸிலிருந்து ஒரு மேடமும் ஒரு சாரும். தெருவே கூடிவிட்டது. மேடம் நல்ல மரியாதையாகப் பேசினார். மருமகளைத் தெருக்கோடியில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, என்னை உள்ளே உட்கார வைத்து, பயப்படாம சொல்லுங்கம்மா, இங்க யாரும் இல்ல என்றார்.

எனக்கு ஒரு குறையும் இல்லை, அது நடிப்பு என்றேன். அவர் சாரைப் பார்த்தார். சோற்றுப் பானையைத் திறந்து காட்டினேன். நாங்க வரோம்னு சேதி வந்திருக்கும் இல்லையா என்றார் சார். நான் பிறவியிலேயே ஒல்லி என்றேன், அதுவும் எடுபடவில்லை. மிச்சப் பாதியைக் காட்டலாம் என்றால் அது அழிந்துபோயிற்று. அழித்ததே ஒரு சந்தேகமாகப் போயிற்று. நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, பயந்துபோய்த்தான் சொல்கிறேன் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. இது இப்படியே போனால், எனக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறவள் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டியதுதான்.

மேடம் கொண்டுவந்திருந்த தண்ணி பாட்டில் தரையில் இருந்தது, மூடி எங்கேயோ உருண்டு போயிருந்தது. நான் அதன் முன்னால் காலை மடக்கி உட்கார்ந்து தலைமயிரை அவிழ்த்துவிட்டேன்.

“தாகம் தீத்த தங்கமே, இப்படித்
தரையில கெடக்குறியே,
மூடிய எங்க வுட்ட, நான்
எந்த ஊரு போய்த் தேட”

இழுத்து எடுத்தேன். கண்ணீர் மடியில் சொட்டியது. சார் அந்தப் பக்கம் திரும்பிக் கர்ச்சீப்பைத் தேடினார். இவ்வளவு அழுதது ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு. போதும் என்று எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு, டீ போடவா மேடம் என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் தெருக்கோடியிலிருந்து மருமகள் ஓடி வந்தாள். தடுத்தவர்களைத் தள்ளிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “அத்தை, என்னாச்சு அத்தை, யாரு என்ன சொன்னாங்க” என்று என் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். என் ஒப்பாரி அவளுக்குப் புதுசா. எத்தனை தடவை செல்லைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமா அழுங்க அத்தை என்று சொன்னவள். அன்றைக்கு அவளுக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். டீயும் குடித்தார். குடித்துக்கொண்டே என்னிடம், “உங்க அழுகைய நான் பாதிதாங்கம்மா நம்பினேன். இந்தப் பொண்ணு ஓடி வந்ததப் பாத்துத்தான் முழுசா நம்பினேன்” என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் என் அழுகையைப் பாதி என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

புகார் கொடுத்தது யார் என்று கேட்டேன். பேரைச் சொல்ல மாட்டோம் என்றுவிட்டார். ஆனால் ஒன்று சொன்னார். அது ஒரு அம்மாவாம். எங்கோ வெளியூர். அந்த வீடியோவைப் பார்த்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லையாம், கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாராம். நீங்க நடிச்சது தப்பில்ல, ஆனா பாக்குறவங்களுக்கு அது நடிப்புன்னு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

திருடிப் போட்ட வீடியோவைப் பற்றி எங்கே எப்படிப் புகார் சொல்வது என்று மேடமே மருமகளுக்குக் காட்டிக் கொடுத்தார். சொன்னோம். ஒன்று போயிற்று, வேறொன்று முளைத்தது. அதையும் சொன்னோம். இன்னும் எங்காவது ஒரு மூலையில் அந்தப் பாதி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இனிமேல் செல்லைக் கையால் தொட மாட்டேன் என்று இருந்தாள் மருமகள். நான் விடவில்லை. “நீ ஒளிஞ்சுகிட்டா அந்தப் பாதிதான் நெசம்னு ஆயிடும்டி. வா, வந்து உக்காரு” என்றேன். நானே டிரம் மேல் செங்கல்லை எடுத்து வைத்தேன். அவள் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். நான் முழுத் தட்டையும் தின்றேன். வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. நடுவில் அவள், மெதுவாத் தின்னுங்க, அப்புறம் விக்கிக்கிட்டு அதுக்கும் எம்மேலதான் கேசு வரும் என்றாள். எனக்குச் சிரிப்பில் பொரையேறிவிட்டது. பழைய வாய் திரும்பிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது. தின்று முடித்து, கையைக் கழுவாமலே செல்லைப் பார்த்துச் சொன்னேன். “எனக்காகச் சோறு திங்காம எந்திரிச்ச தாயி, நான் சாப்புட்டேன். நீயும் சாப்புடும்மா.”

அதைப் போட்டதும் நிறைய பேர் நிறைய எழுதினார்கள். திட்டினவர்களும் உண்டு. மருமகள் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றில் நிறுத்தி, செல்லை என் பக்கம் திருப்பினாள். பேருக்குப் பதில் ஒரு செம்பருத்திப் பூப் படம். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘சாப்பிட்டேன் அம்மா.’

அது அவர்தானா, வேறு யாராவதா, எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. இப்போதும் நாங்கள் சண்டை போடுகிறோம், முன்னைவிட ஜோராகவே போடுகிறோம். ஆனால் எதையும் பாதியாகப் போடுவது இல்லை. ஆரம்பிக்கும் முன்னால் இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்து, இது நடிப்புங்க என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்போம். பார்க்கிற கூட்டம் பெரிசுதான், அதில் எனக்குப் பெருமையும்தான். ஆனாலும் தட்டின் முன்னால் அழ உட்காரும்போதெல்லாம், எனக்காக ஒரு வேளை சோற்றை விட்டு எழுந்த அந்த முகம் தெரியாத ஒருத்தியைத்தான் நான் எதிரே உட்கார வைத்துக்கொள்கிறேன்.