தொட்டிக்குள் இறங்கிய மர ஸ்கேல்

அந்த மர ஸ்கேலின் ஒரு முனை உடைந்திருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எங்கள் புவியியல் சார் திண்டிவனத்துப் பள்ளி வராந்தாவில் நடப்பார். அவரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

பத்தாம் வகுப்பில் அவர் தந்த நோட்ஸில் கடல் நீரோட்டத்துக்கு ஒரே காரணம்தான்: காற்று. மேலே ஓடுவதைக் காற்று தள்ளுகிறது, சரி. அடியில் ஓடுவதை எது தள்ளுகிறது என்று கேட்டேன். "மரக்காணத்துல உப்பு வார்ற வூட்டுப் பொண்ணு, எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார். வகுப்பே சிரித்தது. ஆமாம், அம்மாவுக்கு உப்பளத்தில்தான் வேலை. மழை பெய்த மறுநாள் அங்கே பாத்திக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. லேசான மழைநீர் மேலே நிற்கும், கனத்த உப்புநீர் அடியில் கிடக்கும். கலங்குவதற்குள் மேல்நீரை மட்டும் வடித்துவிட வேண்டும். என் கேள்விக்குப் பதில் அந்தப் பாத்தியிலேயே இருந்தது.

அறிவியல் கண்காட்சிக்கு அதையே கண்ணாடித் தொட்டியில் செய்தேன். பள்ளியிலிருந்து ஒரே ஒரு மாதிரிதான் மாவட்டக் கண்காட்சிக்கு விழுப்புரத்துக்குப் போகும். அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று வெறியே இருந்தது. பீட்ரூட் சாறு கலந்த நல்ல தண்ணீரை முதலில் ஊற்றினேன். அம்மா கேனில் கொண்டுவந்த உப்புநீரைக் குளிரவைத்து, சொட்டு நீலம் கலந்து, ஒரு மூலையில் மெல்ல இறக்கினேன். அது சிவப்பைத் துளைத்து மூழ்கி, தரையோடு ஊர்ந்து மறுமூலைக்குப் போய்ப் படிந்தது. டேபிள் ஃபேனைப் போட்டேன். சிவப்பு நகர்ந்தது, நீலம் அசையவே இல்லை. சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது.

நடுவர்கள் வாசலுக்கு வந்த நேரம், சார் குனிந்து பார்த்தார். "உப்பு கரையாம அடியில தங்கிக்கினு இருக்குதே, கலக்கத் தெரியாதா?" ஸ்கேலை உள்ளே விட்டு நாலு சுற்று சுற்றினார்.

"இன்னாம்மா இது, கத்திரிக்கா கொழம்பா?" என்றார் ஒரு நடுவர். விழுப்புரத்துக்குப் போனது சாரின் டியூஷன் பையன் செய்த எரிமலை. வீட்டில் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "பாத்தியில கால வெச்சிட்டாரா?"

இப்போது நான் கடலியல் ஆய்வு மாணவி. போன மாதம் விழுப்புரம் கண்காட்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு சிறுமியின் தொட்டியில் இரண்டு நிறத் தண்ணீர். பக்கத்தில் அதே சார். அதே ஸ்கேல் தொட்டியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"சார், கைய எடுங்க."

நிமிர்ந்தார். "நீ... மரக்காணத்துப் பொண்ணுதானே? என் ஸ்டூடண்டும்மா!" என்று எல்லோருக்கும் கேட்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"தள்ளி நில்லுங்க சார். அந்தப் பொண்ணு பேசட்டும்."

குளிர்ந்து கனத்து அடிக்குப் போன கடல்நீர் மறுபடி மேலே வரப் பல நூறு ஆண்டுகள் ஆகும். எனக்கு ஒன்பதே வருஷம்தான் ஆனது. ஸ்கேல் நனையவில்லை.