கறுப்பு ஸ்பாஞ்சில் இருந்தது

முதலில் குழாயைத் தொடுகிறார். பட்டறையின் பின்சுவரில், கைகழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் பழைய இரும்புக் குழாய். தண்ணீர் வேண்டித் தொடுவதில்லை. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சற்று நிற்கிறார். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் விரல் பட்ட மாத்திரத்தில் சிப் செத்துவிடலாம், செத்தது பார்வைக்குத் தெரியவும் தெரியாது. ஸ்பானர் பிடிக்கவோ போல்ட் கழற்றவோ அவர் குழாய்ப் பக்கம் போவதில்லை. சிப்பைக் கையில் எடுக்கப் போகிறார் என்றால் மட்டும்தான்.

தெருவில் அவருக்கு மூளைக்காரர் என்று பெயர். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின் கம்ப்யூட்டரைத் திறந்து, கம்பெனி வைத்த சிப்பை எடுத்துவிட்டு, வேகத்துக்கென்று எழுதிய வேறொன்றைப் பொருத்துவது தொழில். கம்ப்யூட்டரை மூளை என்றுதான் சொல்வார். பக்கத்து சீட்டின் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு தகரப் பெட்டி. எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்று தீர்மானிப்பது அதுதான்.

"கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி. எல்லாத்தையும் கொஞ்சம் அடக்கி வெச்சுத்தான் அனுப்புவான். நான் ஒண்ணும் பெருசா பண்றதில்ல. அது காதுல பயப்படாதேன்னு சொல்றேன், அவ்வளவுதான்" என்பார்.

வேகம் விற்கிற மனுஷர் ஓட்டும் ஸ்கூட்டரை நாய்கள்கூடத் துரத்துவதில்லை. பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு ஓரம் ஒதுங்கி வழிவிட்டு, "நான் போற இடம் எங்கயும் ஓடிடாது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது மெட்டில்லாமல் விசிலடிப்பார். நகக்கண்களில் இருக்கும் கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசிந்ததில்லை. மகளின் கல்யாணத்தில் விருந்தினர்களை வரவேற்ற நேரமெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். மாப்பிள்ளையின் அப்பா வக்கீல். வந்தவர்களிடம் இவரைக் காட்டி, "சம்பந்தி ஆட்டோமொபைல் துறையில இருக்காரு" என்று சொல்லிவிட்டு வேகமாகப் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார். மூளைக்காரர் அதற்கும் சிரித்துத் தலையாட்டினார்.

வக்கீலிடம் ஒரு சிவப்பு இரண்டு கதவு வண்டி உண்டு, அவர் மகனைவிட வயதில் மூத்தது. மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று அவர் ஒருநாள் குறைப்பட்டபோது மகள்தான் வாய் விட்டிருக்கிறாள்: "எங்கப்பா சரி பண்ணிக் குடுப்பாரு மாமா." அப்படித்தான் வண்டி பட்டறைக்கு வந்தது.

மூளைக்காரருக்கு ஒரு வேலைமுறை இருக்கிறது. பழைய சிப்பை எடுத்த இடத்தில், சிப்பைச் செருகவும் பிடுங்கவும் தோதாக ஒரு சாக்கெட்டைப் பற்றவைப்பார். பற்றவைத்தது சரியா என்று பார்க்க, அதே பழைய சிப்பைச் சாக்கெட்டில் செருகி வண்டியை ஸ்டார்ட் செய்வார். ஓடினால் அதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகுவார். புதியது அதுவரை கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தியபடி காத்திருக்கும். இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். அடையாளம், தன் சிப்பின் ஸ்டிக்கரில் அவர் பச்சை மசியால் போடும் ஒரு கோடு மட்டும்.

அன்றைக்குப் பழைய சிப்போடு வண்டி ஜம்மென்று ஓடியது. அதே நேரம் வக்கீல் குடும்பத்தோடு வந்து இறங்கினார். நாற்காலி போட்டு, டீ வாங்கிவரச் சொல்லி, சம்பந்தியம்மாவிடம் நலம் விசாரித்து, கையைத் துடைத்துக்கொண்டு மூளைக்காரர் தகரப் பெட்டியை மூடித் திருகாணிகளை முடுக்கினார். பழைய சிப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்கு, அது எதற்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வக்கீல் பெருந்தன்மையாகக் கிளம்பிப்போனார். வீடு சேர்ந்ததும் போன் வந்தது. வண்டி பறக்கிறதாம்.

கொஞ்ச நாள் கழித்து வேறொரு வண்டிக்காக மேசை இழுப்பறையைத் திறந்தபோது, ஸ்பாஞ்சில் குத்தியிருந்த சிப்பில் பச்சைக் கோடு தெரிந்தது. சம்பந்தி வண்டிக்கென்று எழுதியது; அங்கே ஓடிக்கொண்டிருப்பது பழையதேதான். அவர் விசில் நின்றது. வெளியே கிடந்த டயர்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அந்த அம்மாள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"சொல்லித் தொலைச்சிடாதீங்க. அவரும் சந்தோஷமா இருக்காரு, நம்ம பொண்ணும் சந்தோஷமா இருக்கா. ஏதாவது சாக்கு சொல்லி வண்டிய வரவழைச்சு, சத்தமில்லாம மாத்திடுங்க."

"மாத்தின பிறகு, முன்ன மாதிரி இல்லையேன்னு சொன்னாருன்னா?" என்றார் இவர்.

அந்த ஸ்பாஞ்சு அன்றிலிருந்து அவர் சட்டைப்பையில் இருக்கிறது. சட்டை மாற்றினால் அதுவும் மாறும். இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு பூரானை வளர்ப்பதுபோல அதைச் சுமந்து திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில் சாப்பாடு. வக்கீலின் நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள், இருவரிடமும் பழைய வண்டிகள். வக்கீல் கோர்ட்டில் வாதாடுவதுபோல எழுந்து நின்றே பேசினார். போன மாதம்வரை அது கழுதையாம், இப்போது காலை வைத்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறதாம். நம்ம சம்பந்தி கை பட்டால் கட்டைவண்டியும் ஓடும் என்றார். நண்பர்கள் அடுத்த வாரமே வண்டிகளைக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பரிமாறிக்கொண்டிருந்த மகள், கரண்டியோடு நின்று அப்பாவைப் பார்த்தாள். மாமியார் வீட்டில் அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்று அவர் பார்த்ததில்லை. தட்டிலிருந்து தலையை எடுக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காதுமடல்கள் எரிந்தன.

"மாமாவுக்கு ரொம்ப அடக்கம்" என்றான் மாப்பிள்ளை.

சாப்பிட்டு முடிந்ததும் வக்கீல் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுக் கூட்டிப்போனார். நீளமான சாலையில் காலை அழுத்தினார். மூளைக்காரர் எஞ்சினைக் கேட்டார். வந்த அன்று இருந்த அதே குரல், அதே தயக்கம். காலடியில் கார்ப்பெட்டுக்குக் கீழே அந்தப் பெட்டி இருந்தது. பாதங்களைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"எப்படி சம்பந்தி?"

"நல்லா ஓட்டுறீங்க" என்றார். அது பொய்யில்லை என்பதில் ஒரு நிமிஷம் ஆறுதல் பட்டு, உடனே அந்த ஆறுதலுக்காகவும் கூசிப்போனார்.

திரும்பி வந்து கார் ஷெட்டில் எஞ்சினை நிறுத்திய பிறகும் வக்கீல் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே, முகம் பார்க்காமல் சொன்னார்.

"கல்யாணத்துல உங்க தொழிலை நாலு பேர்கிட்ட சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. இந்த வண்டிய ஓட்டும்போதெல்லாம் அது நெனப்புக்கு வருது. மனசுல வெச்சுக்காதீங்க."

மூளைக்காரர் மெல்ல இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நண்பர்கள் வாசலில் நின்று தங்கள் வண்டிகளைப் பற்றி அவரிடம் ஏதோ கேட்டார்கள். செடிகளுக்குத் தண்ணீர் விட ஷெட்டின் சுவரோரமாக ஒரு இரும்புக் குழாய் நின்றது. அதனிடம் நடந்து போய், உள்ளங்கையை வைத்தார்.

தட்டில் டம்ளர்களோடு வந்துகொண்டிருந்த மகள் அப்படியே நின்றாள். வண்டி திறந்திருக்கவில்லை. மேசையில்லை, கருவிகளில்லை. அப்பா ஏன் குழாயைத் தொடுகிறார் என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் கேட்கத் தெரியும்.

அவர் குழாயிலிருந்து கையை எடுத்து, அதே கையால் ஸ்பாஞ்சு இருந்த சட்டைப்பையின் பட்டனைக் கழற்றினார்.